வானில் பதின்மூன்று நாட்கள்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு என் மாமன் மகன் திருநெல்வேலியிலிருந்து கல்யாணுக்கு வந்திருந்தான். வயது பதினேழு. வந்த அன்றே என் கணிப்பொறியைக் கைப்பற்றிக்கொண்டான். முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களை வைத்து ஆடும் ஒரு சண்டை விளையாட்டு அது. ஒரே மாலைப்பொழுதில் ஒன்பது முறை செத்துப் பிழைத்தான். எதிரியைக் கண்டதும் பாய்வான்; வளைவான்; இன்னும் இறுக்கி வளைவான். விமானம் வேகமிழந்து தரையருகே தள்ளாடும். அப்போது மேலேயிருந்து எவனோ ஒருவன் சாவதானமாக இறங்கி வந்து சுட்டுவிட்டுப் போவான். பத்தாம் முறை விழுந்தபோது, இந்த விளையாட்டே மோசடி என்று எழுந்துவிட்டான்.

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவனுக்கு இந்திரலால் ராயின் கதையைச் சொன்னேன். அதையே சிறிது விரித்து நம் மன்ற மலருக்கு எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. மறைந்த பெரியோரை அவர் என்றே எழுதுவது மரபு. நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் இந்திரலால் இறந்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. என்னைவிட நான்கு ஆண்டு இளையவன். நம்மில் பலருக்குத் தம்பி வயது. அவன் என்று எழுதவே மனம் விரும்புகிறது. பிழையாயின் பொறுத்தருள்க.

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தான். தந்தை பியாரி லால் ராய் வழக்கறிஞர். தாய் லலிதா ராய் சாதாரணப் பெண்மணி அல்லர்; 1911-இல் இலண்டன் மாநகரில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த பேரணியில் சேலையுடுத்தி நடந்த இந்தியப் பெண்களுள் ஒருவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் இலண்டனில் குடியேறியது. இந்திரலால் அங்கே செயிண்ட் பால் பள்ளியில் படித்தான். அண்ணன் பரேஷ் லால் ராய் குத்துச்சண்டையில் புகழ்பெற்று, பின்னாளில் அந்தக் கலையை இந்தியாவில் பரப்பினார்.

1914-இல் போர் மூண்டது. பள்ளி முடித்த பையன்கள் வரிசை வரிசையாகப் போனார்கள். இந்திரலாலுக்கு விமானத்தின்மேல் ஆசை. ஆனால் கண் பரிசோதனையில் பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள். இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கும் பதினெட்டு வயதில் இதே ஆசை இருந்தது. ஓரிடத்தில் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இயற்பியல் படிக்க வந்துவிட்டேன். அவன் அப்படி வந்துவிடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அந்தப் பணத்தில் பேர்பெற்ற ஒரு கண் மருத்துவரிடம் போனான். அவர் கொடுத்த சான்றைக் காட்டி முதல் முடிவை மாற்றவைத்தான். 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரச விமானப் படையில் சேர்ந்தான், ஜூலையில் அதிகாரியானான், அக்டோபர் முடிவில் பிரான்சில் 56-ஆம் படையணிக்கு அனுப்பப்பட்டான்.

அப்போது அந்தப் படையில் போர்விமானிகளாகப் பறந்த இந்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பஞ்சாபின் ஹர்தித் சிங் மாலிக், வங்கத்தின் எரோல் சந்தர் சென், நம் பம்பாயின் வெலிங்கர், அடுத்து இவன். சென் 1917-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். வெலிங்கர் 1918 ஜூன் இறுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர்நீத்தார். மாலிக் ஒருவர்தாம் நெடுங்காலம் வாழ்ந்து 1985-இல் மறைந்தார். வெலிங்கர் வாழ்ந்த நகரத்தில் நாள்தோறும் ரயிலேறி இறங்கும் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

56-ஆம் படையணி புகழ்பெற்ற வீரர்கள் நிறைந்தது. அங்கே நம் இந்திரலால் என்ன சாதித்தான்? ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்வதுதானே முறை? ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை. டிசம்பர் 6-ஆம் நாள் தன் விமானத்தையே தரையில் மோதி நொறுக்கினான். இறந்துவிட்டான் என்று கருதிப் பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றும், நினைவு திரும்பிக் கதவைத் தட்டிப் பிணவறைக் காவலரை நடுங்கவைத்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே அதை வைத்துக்கொள்வோம். அடிபட்டதும், மறுபயிற்சிக்கு இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்மை. படுக்கையில் கிடந்த மாதங்களில் விமானங்களைப் படம் படமாக வரைந்தான். பறக்கத் தகுதியில்லை என்று மீண்டும் மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மீண்டும் அவன் விடவில்லை. 1918 ஜூனில் 40-ஆம் படையணியில் சேர்ந்தான்.

இங்கேதான் அவனுக்கு ஆசான் கிடைத்தார். அவர் ஜார்ஜ் மக்கெல்ராய் என்னும் அயர்லாந்துக்காரர். அவன் பறந்த பிரிவின் தலைவர். இவரும் பிறவி வீரர் அல்லர். 1917 ஆகஸ்டில் இதே படையணிக்கு வந்து, டிசம்பர் இறுதிவரை ஒரு வெற்றியும் இல்லாமல் வெறுங்கையோடு இருந்தவர். இவரை வளர்த்தவர் எட்வர்ட் மானக். மானக்கின் கதை இன்னும் விசித்திரமானது. தொடக்கத்தில் சண்டைக்குப் பாயாமல் ஒதுங்கி நின்று கவனித்ததால் கோழை என்று உடன் இருந்தவர்களே முணுமுணுத்தார்கள். அவர் அப்போது கற்றுக்கொண்டிருந்தார். கற்றதைப் பிறகு விதிகளாக்கிப் புதிய விமானிகளுக்கு ஊட்டினார். எதிரணியில் இதே வேலையை ஆஸ்வால்ட் போல்கே 1916-இலேயே செய்துவிட்டார். எதிரெதிர் நாட்டார் இருவரும் கண்ட விதிகள் ஏறக்குறைய ஒன்றே. அதில் வியப்பில்லை, புவியீர்ப்பு இரு நாட்டுக்கும் ஒன்றுதானே!

அந்த விதிகளில் முதலாவது உயரம். உயரத்தில் இருப்பவன் பணத்தை வங்கியில் போட்டு வைத்திருப்பவன். வேண்டும்போது எடுத்து வேகமாக மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 300 மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றின் தடையைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட, வேகம் 311 கிலோமீட்டர் ஆகிறது. உண்மையில் இரட்டை இறக்கை விமானத்துக்குக் காற்றுத்தடை மிகுதி, அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் கிடைப்பது போதும். பாய்ந்து, சுட்டு, அந்த வேகத்தையே செலவிட்டு மீண்டும் உயரே போய்விடலாம். கீழே இருப்பவன் எட்டிப் பிடிக்க முடியாது.

மாறாக, என் மாமன் மகன் செய்வதைப் பாருங்கள். விமானத்தை 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் வளைத்தால், இறக்கைகள் விமானத்தின் எடையைப்போல் இருமடங்கு தாங்க வேண்டும். அப்படித் தாங்குவதால் பிறக்கும் தடையோ, அதே வேகத்தில், நான்கு மடங்கு ஆகிறது. வளைய வளைய வேகம் கரைகிறது. வேகம் கரைந்தால் உயரத்தை விற்க வேண்டும். உயரமும் தீர்ந்தால் கதை முடிந்தது. இந்திரலால் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானம் பாய்ச்சலுக்கு உறுதியானது, வேகமானது. சுழன்று வளைவதில் ஒட்டகப் பெயர் கொண்ட சாப்வித் கேமலுக்கு அடுத்தபடிதான். அதை வளைத்துச் சண்டையிடுவது அதன் பலத்தைத் தூக்கியெறிவதாகும்.

இரண்டாவது கதிரவன். கதிரவனை முதுகில் வைத்து வருபவனை எதிரி காண முடியாது. பிரான்சில் பிரிட்டிஷார் மேற்கே, ஜெர்மானியர் கிழக்கே. ஆகவே காலைக் கதிரவன் ஜெர்மானியரின் நண்பன். மாலைக் கதிரவன் பிரிட்டிஷாரின் நண்பன். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். சண்டை நீள நீளப் பிரிட்டிஷ் விமானங்களை அது எதிரியின் பக்கமே தள்ளிக்கொண்டு போகும். திரும்பிவர எதிர்காற்று. எனவே வீடு திரும்பும் வழியை மறவாதே என்பதும் விதியாயிற்று.

மூன்றாவது, அருகில் போய்ச் சுடு. 300 மீட்டர் தொலைவில் குறுக்கே பறக்கும் எதிரியைக் குறிபார்ப்பதாக வைத்துக்கொள்வோம். குண்டு போய்ச் சேர ஏறக்குறைய 0.4 நொடி. அதற்குள், நொடிக்கு 50 மீட்டர் செல்லும் எதிரி 20 மீட்டர் நகர்ந்துவிடுவான். அவன் விமானத்தின் நீளமே 7 மீட்டர்தான். எங்கே சுடுவது? 50 மீட்டர் தொலைவிலோ அவன் நகர்வது 3 மீட்டருக்குச் சற்று மேல். அதிலும் நேர் பின்னாலிருந்து சுட்டால் முன்கூட்டிக் குறிபார்க்கும் தொல்லையே இல்லை. ஆனால் இருவர் அமரும் விமானமாயின் பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணுக்கும் குண்டுக்கும் மறைவான இடம் வாலுக்கு அடியில். கீழிருந்து பின்னால் ஊர்ந்து போக வேண்டும். ஹன்னோவர் என்னும் ஜெர்மானிய விமானத்துக்கு வாலையே குட்டையாக, இரண்டடுக்காக அமைத்து அந்த மறைவிடத்தையும் சுருக்கிவிட்டார்கள்.

எங்கள் கல்யாண் நிலையத்தில் காலை விரைவு வண்டிக்கு இடம்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி வந்தபின் முட்டி மோதுபவன் நின்றுகொண்டே குர்லா போவான். கதவு எங்கே வந்து நிற்கும் என்று அறிந்து முன்பே அங்கே நிற்பவன் ஜன்னலோரம் அமர்வான். வண்டி வருமுன்பே வெற்றி தீர்மானமாகிவிடுகிறது. வான்சண்டையும் அப்படியே; துப்பாக்கி வெடிப்பது கடைசி வேலை.

இவற்றையெல்லாம் கற்ற இந்திரலால் என்ன செய்தான்? 1918 ஜூலை 6-ஆம் நாள் ட்ரோகூர் என்னும் ஊரருகே ஒரு ஹன்னோவரை வீழ்த்தினான். 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள். 13-ஆம் நாள் இரண்டு. 15-ஆம் நாள் இரண்டு. இரண்டும் ஜெர்மானியரின் தலைசிறந்த ஃபோக்கர் டி.7 வகை. 18-இல் ஒன்று, 19-இல் ஒன்று. பதின்மூன்று நாட்களில் பத்து. சில வெற்றிகள் தோழரோடு பகிர்ந்துகொண்டவை. பத்தில் பாதிக்கு மேல், பின்னால் துப்பாக்கிக்காரன் அமர்ந்த விமானங்கள். ஏழு மாதத்துக்கு முன் தன் விமானத்தையே நொறுக்கிய அதே கண்கள், அதே கைகள்!

ஜூலை 22-ஆம் நாள் காலை கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஃபோக்கர் விமானங்களோடு சண்டை நடந்தது. அவன் விமானம் தீப்பற்றி விழுந்ததைக் கண்டார்கள். பிரிட்டிஷ் விமானிகளுக்கு அக்காலத்தில் பாராசூட் கொடுக்கப்படவில்லை.

நான்கு நாள் கழித்து, 26-ஆம் நாள், மானக் இறந்தார். வீழ்ந்த எதிரியைப் பின்தொடர்ந்து தாழப் பறக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், தாம் வீழ்த்திய விமானத்தின்மேல் தாழப் பறந்தபோது தரையிலிருந்து சுடப்பட்டார். மேலும் ஐந்து நாள் கழித்து, 31-ஆம் நாள், மக்கெல்ராயும் தரையிலிருந்து வந்த குண்டுக்கே இரையானார். பத்தே நாளில் ஆசானின் ஆசானும், ஆசானும், மாணவனும் போய்விட்டார்கள். போல்கே 1916-இலேயே போயிருந்தார். ஒரே எதிரியை இருவர் துரத்தக் கூடாது என்ற விதியை எழுதிய அவர், ஒரே எதிரியைத் துரத்திய தம் தோழரின் விமானம் உரசி விழுந்தார். விதிகள் பொய்யல்ல. விதிகளை எழுதியவர்களும் களைப்பும் சினமும் உள்ள மனிதர்கள்.

கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. நம்மை அடிமைப்படுத்தியவர்களின் சீருடையில் இறந்தவனை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நம் மன்றத்தில் இதைச் சொன்னால் சண்டையே வரும். அவன் இறந்து ஒன்பது மாதம் முடியுமுன் அதே அரசின் துருப்புகள் ஜாலியன்வாலா பாகில் சுட்டன. அது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கற்பனை செய்ய எனக்கு உரிமையில்லை. நான் அவனிடம் காண்பது பேரரசின் பெருமையை அல்ல; தோற்று, படுக்கையில் கிடந்து, படம் வரைந்து, மீண்டும் மாணவனாகப் போய் உட்கார்ந்த ஒரு பையனை. இந்தியருக்குப் பறக்க வராது என்று சொல்ல நினைத்தவர்களுக்கு அந்தப் பதின்மூன்று நாட்கள் பதிலாயின. அவனுடைய உறவினர் சுப்ரதோ முகர்ஜி 1954-இல் சுதந்திர இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தலைவரானார்.

1918 செப்டம்பரில் அவனுக்குச் சிறப்புமிகு பறத்தல் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியன் அவனே. பெற்றுக்கொள்ள அவன் இல்லை. பிரான்சில் எஸ்தெவெல் என்னும் சிற்றூர் இடுகாட்டில் துயில்கிறான். 1998-இல் நூற்றாண்டையொட்டி நம் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. கல்கத்தாவில் ஒரு தெருவுக்கு அவன் பெயர் இருக்கிறது.

மாமன் மகன் ஊர் திரும்பும் நாள் காலையில் மறுபடி கணிப்பொறி முன் அமர்ந்தான். இம்முறை எதிரியைக் கண்டும் பாயவில்லை. உயரே போனான், கதிரவனை முதுகில் வைத்துக் காத்திருந்தான். ஒருமுறை பாய்ந்தான், குறி தப்பியது, வளைந்து துரத்தாமல் மேலே ஏறிவிட்டான். எதிரி கிழக்கே ஓடினான். இவன் பின்தொடரவில்லை, மேற்கே திரும்பி, யாரையும் வீழ்த்தாமல், முதல் தடவையாக முழு விமானத்தோடு தரையிறங்கினான். அதற்குள் அம்மா கட்டுச்சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாகர்கோவில் வண்டிக்கு நேரமாயிற்று என்று சத்தம் போட்டாள்.