மாறியது குணமா, காயமுற்றது மூளையா?

அட்டன் சிங்கமலைச் சுரங்கப்பாதை மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. மலையகப் புகையிரதப் பாதைக்காகப் பாறைகளுடன் போராடிய தொழிலாளரின் பெயர்களை வரலாறு பேணவில்லை. அமெரிக்காவில் அதே பணியில் ஈடுபட்ட ஒருவரின் பெயரோ மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. அவரே பினியஸ் கேஜ்.

1848 செப்டெம்பர் 13ஆம் திகதி, வெர்மான்ட் மாநிலத்தின் கவெண்டிஷ் என்ற ஊருக்கருகே, 25 வயதான இந்த மேற்பார்வையாளர் பாறைத் துளையினுள் வெடிமருந்தை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். மருந்து திடீரென வெடித்தது. அலவாங்கு போன்ற ஆறு கிலோ இரும்புத் தண்டு இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. ஆயினும் சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டு வண்டியில் அமர்ந்தவாறே ஊருக்குத் திரும்பினார். வைத்தியர் ஜோன் ஹார்லோவின் பராமரிப்பில் உயிர் பிழைத்தார். இடது கண்ணின் பார்வை போயிற்று.

போனது பார்வை மட்டுமன்று. நிதானமும் பொறுப்பும் மிக்கவரெனப் பெயரெடுத்திருந்தவர், பொறுமையிழந்து தகாத வார்த்தை பேசுபவராகவும், வகுத்த திட்டத்தை உடனேயே கைவிடுபவராகவும் மாறினாரென ஹார்லோ பதிவு செய்தார். பழைய வேலை அவருக்கு மீண்டும் வழங்கப்படவில்லை. காயமுற்றது மூளையின் முன்மடலாகும். சினத்தை அடக்குவதற்கும், சபையறிந்து நடப்பதற்கும், விளைவை எண்ணிச் செயற்படுவதற்கும் அப்பகுதியே கடிவாளம் போன்றது.

எனினும் கேஜின் வாழ்வு அத்துடன் வீணாகிவிடவில்லை. 1852இல் சிலி நாட்டுக்குச் சென்ற அவர், பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். ஒழுங்கான அன்றாடத் தொழில் அவரைப் பெருமளவு மீட்டிருக்கலாமென ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பின்னர் வலிப்பு நோயுற்று, 1860 மே 21ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோ அருகே தமது 36ஆவது வயதில் காலமானார்.

எமது தோட்டங்களிலும் மலைச்சரிவில் வழுக்கி விழுவோரும், வாகன விபத்தில் தலையில் அடிபடுவோரும் உளர். வெளிக்காயம் ஆறியதும் சுகமாகிவிட்டதென நாம் நம்பிவிடுகிறோம். பின்னர் அவர் காரணமின்றிச் சீறினால், கெட்ட குணமென்றும் பேய் பிடித்ததென்றும் ஜின் தீண்டியதென்றும் கூறுகிறோம். லயன் அறைக்குள் மனைவி மக்கள் தனித்துத் துன்புறுகின்றனர்.

அவர்கள் அடி உதைகளைச் சகித்திருக்க வேண்டுமென நாம் கூறவில்லை. அவர்களது பாதுகாப்பே முதன்மையானது. ஆனால் தலையில் அடிபட்டவரின் நடத்தை மாறுமாயின், அதனை மறைக்காது வைத்தியரிடம் கூற வேண்டும். பிரார்த்தனையுடன் சிகிச்சையும் அவசியம். தோட்ட நிர்வாகங்களும் அத்தகையோரைக் கைவிடாது, அவர்களால் இயன்ற ஒழுங்கான வேலையை வழங்க முன்வர வேண்டும். கேஜுக்குக் கிட்டிய இரண்டாவது வாய்ப்பு எமது தொழிலாளிக்கும் கிட்ட வேண்டாமா?