நோன்பு மாதத்து விருந்தாளி இப்னு பதூதா

உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. மொராக்கோ நாட்டுத் தான்ஜியர் நகரில் 1304-ம் ஆண்டு பிறந்த அவர், 1325-ல் ஹஜ்ஜுக்கென்று தனியாகப் புறப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பல தேசங்களைச் சுற்றினார். அவ்வருடங்களில் பெரும்பாலும் ரமலான் பிறை அவருக்கு அந்நிய ஊர்களில்தான் தென்பட்டது. பிரயாணிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்துகொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் தங்கும் ஊரின் ரமலானுக்குக் காட்ட வேண்டிய மரியாதையில் யாருக்குச் சலுகை உண்டு?

1326 ஆகஸ்டில், ரமலான் பிறை 9-ல் அவர் டமாஸ்கஸ் போய்ச் சேர்ந்தார். அவ்வூரில் எவரும் தனியே இருந்து நோன்பு திறப்பதில்லை. அமீர்களும் காழிகளும் பெரிய வியாபாரிகளும் தோழர்களையும் ஏழைகளையும் வீட்டுக்கு அழைப்பார்கள். அழைக்க வசதியில்லாதவர்களோ, தங்களில் ஒருவர் வீட்டிலோ பள்ளிவாசலிலோ கூடி, அவரவர் கையில் உள்ளதைக் கொண்டு வந்து சேர்ந்து உண்பார்கள். இந்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுகிறது.

மாலிக்கி மத்ஹப் ஆசிரியர் நூருத்தீன் ஸகாவீ என்பவர் இப்னு பதூதாவைத் தம் வீட்டில் நோன்பு திறக்க அழைத்தார். நான்கு இரவுகள் போனார். பிறகு காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். ஆசிரியர் ஆளனுப்பினார், நோயென்று சொல்லியும் விடவில்லை. தம் வீட்டுக்கே வரவழைத்து, வைத்தியரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன பத்திய உணவைச் சமைப்பித்துப் பெருநாள் வரை வைத்துக் காத்தார். விருந்தாளியின் கைப்பணம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும், ஹிஜாஸ் போக ஒட்டகங்களும் கட்டுச்சோறும் ரொக்கமும் கொடுத்தனுப்பினார்.

மக்காவில் தங்கியபோது, ஸஹர் நேரத்தில் மினாரா உச்சியில் விளக்குகள் தொங்கவிடப்படுவதையும், பஜ்ரு வந்ததும் அவை இறக்கப்படுவதையும் கண்டார். பாங்கின் சத்தம் எட்டாத வீட்டாரும் வெளிச்சத்தைப் பார்த்து உணவை நிறுத்திக்கொள்வார்கள்.

மாலத்தீவில் அவரே நோன்பு விருந்து கொடுக்கத் துணிந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்து வந்த ஃபக்கீர்களுக்காக அவர் அனுமதி கேட்கவே, வஜீர் ஐந்து ஆடுகளை அனுப்பினார். அத்தீவுகளில் ஆடு அபூர்வம். மஃபர் என்ற நம் தமிழ்க் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் கப்பலேறி வரவேண்டும்.

1352-ல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நடந்தது வேறு. ரமலான் தொடக்கத்தில் சுல்தான் சுலைமானின் சபையில் எழுந்து நின்று, இத்தனை மாதங்களாகத் தமக்கு உபசாரமும் இல்லை, வெகுமதியும் இல்லை. மற்ற அரசர்களிடம் உம்மைப்பற்றி என்ன சொல்வேன் என்று கேட்டுவிட்டார். நான் கடைக்காரன். நிலுவைக்காரரிடம் கூட நோன்பில் சற்றுப் பொறுத்துத்தான் கேட்பேன். சுல்தான் கோபிக்கவில்லை. தங்க வீடும் அன்றாடச் செலவுக்குப் பணமும் தந்தார். பிறை 27-ம் இரவு ஆலிம்களுக்குப் பங்கிட்டபோது இவருக்கும் 33 மிஸ்கால் பொன் கிடைத்தது. அந்நாட்டாரின் தொழுகைப் பற்றையும், இருக்கும் ஒரே பழஞ்சட்டையைத் துவைத்து ஜும்ஆவுக்கு அணியும் ஏழையையும் அவர் மனமாரப் புகழ்ந்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியபின், மொராக்கோ சுல்தானின் உத்தரவுப்படி இப்னு ஜுஸை எழுத, 1355-ல் தம் பிரயாண வரலாற்றைச் சொல்லி முடித்தார். பொன் தந்த மாலி சுல்தான் அதில் கஞ்சர் என்றே பதிவாகியிருக்கிறார். டமாஸ்கஸ் ஆசிரியருக்கோ துஆ இருக்கிறது.