யன்னலில் எரியும் மெழுகுதிரி

வேறொரு திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் உங்கள் இல்லத்து வாயிலில் வந்து நிற்கும்போது, அவரை யாராகக் காண்கிறீர்கள்? பிரிந்து நிற்பவராகவா, உடன்பிறப்பாகவா? இக்கேள்விக்குத் தமது வாழ்வினாலேயே விடை பகர்ந்தவர் திருத்தந்தை புனித 23ஆம் அருளப்பர்.

1881 நவம்பர் 25ஆம் நாள் வட இத்தாலியின் சொத்தோ இல் மொந்தே என்னும் சிற்றூரில், ஏழைக் குத்தகை விவசாயக் குடும்பமொன்றில் ஆஞ்சலோ ரொங்கல்லியாகப் பிறந்த இவர், 1904இல் குருவானார். 1925இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, திருத்தந்தையின் பிரதிநிதியாகப் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஒர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கரோ மிகச் சிலர். திருத்தந்தையின் தலைமை அதிகாரம் குறித்த கருத்து வேறுபாடும் பல நூற்றாண்டுப் பகையும் இரு சாராரையும் பிரித்து வைத்திருந்தன.

1928 ஏப்ரலில் பெரும் நிலநடுக்கம் அந்நாட்டை உலுக்கியது. ஆயர் ரொங்கல்லி இடிபாடுகளுக்கிடையே சென்று, வீடிழந்தோருக்கு ஆறுதலும் உணவும் கிடைக்க வழி செய்தார். பசித்தவர் எந்தத் திருச்சபையினர் என்று அவர் கேட்கவில்லை.

ஆயினும் அவரது அன்பு கடும் சோதனைக்கும் உள்ளானது. 1930இல் பல்கேரிய மன்னர் மூன்றாம் போரிஸ், இத்தாலிய இளவரசி ஜொவான்னாவை அசிசி நகரில் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். இதற்குரிய அனுமதிக்காக உழைத்தவர்களுள் ரொங்கல்லியும் ஒருவர். ஆனால் அளிக்கப்பட்ட வாக்குறுதிக்கு மாறாக, சில நாட்களிலேயே தலைநகர் சோபியாவில் ஒர்த்தடொக்ஸ் திருமணச் சடங்கு நடைபெற்றது. 1933இல் பிறந்த மகளுக்கும் ஒர்த்தடொக்ஸ் முறையிலேயே திருமுழுக்கு வழங்கப்பட்டது. உரோமையின் கண்டனத்தை எடுத்துரைக்க வேண்டிய கடமை ரொங்கல்லியுடையதாயிற்று. திருச்சபையின் போதனையை அவர் மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை. அதேவேளை, அம்மக்கள்மீது கசப்பை வளர்க்கவுமில்லை. அக்குழந்தை பெற்றதும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலான உண்மையான திருமுழுக்கே என்பதை அவர் நன்கு அறிவார்.

1934ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அவர் அந்நாட்டு மக்களிடம் விடைபெற்றார். தாம் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், இரவில் வழிதவறி வரும் பல்கேரியர் ஒருவருக்காகத் தமது யன்னலில் மெழுகுதிரியொன்று எரிந்துகொண்டிருக்கும் என்றும், கதவைத் தட்டுபவர் கத்தோலிக்கரா ஒர்த்தடொக்ஸ்காரரா என்று வினவாமல் அவரை வரவேற்பதாகவும் வாக்களித்துச் சென்றார்.

1958 ஒக்டோபர் 28ஆம் நாள் திருத்தந்தையாகத் தெரிவுசெய்யப்பட்ட பின்பும் அவர் அவ்வாக்கை மறக்கவில்லை. 1959 ஜனவரி 25ஆம் நாள், கிறிஸ்தவ ஒன்றிப்பு மன்றாட்டு வாரத்தின் நிறைவிலேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டும் தமது எண்ணத்தை அறிவித்தார். 1960இல் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செயலகத்தை நிறுவினார். அதே ஆண்டு டிசம்பரில் அங்கிலிக்கன் பேராயர் ஜெப்ரி பிஷரை வத்திக்கானில் வரவேற்றார். 1962இல் சங்கம் தொடங்கியபோது, பிற திருச்சபைகளின் பார்வையாளர்கள் புனித பேதுரு பேராலயத்தில் மதிப்புமிக்க இடத்தில் அமர்ந்திருந்தனர். 1963 ஜூன் 3ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு வெளியான கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய சங்க ஏடு, ஒரே திருமுழுக்கு நம் அனைவரையும் கிறிஸ்துவில் பிணைக்கின்றது என்று போதித்தது. 2014இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அன்பர்களே, உங்கள் குடும்பத்திலும் வேறு சபையிலிருந்து வந்த மருமகளோ, வேறு சபைக்குச் சென்ற சகோதரனோ இருக்கக்கூடும். அதனால் நின்றுபோன பேச்சுவார்த்தையும் இருக்கக்கூடும். உங்கள் விசுவாசத்தை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பெயரால் கதவை அடைத்துவிடாதீர்கள். இவ்வாரம் அவர்களுள் ஒருவரைத் தேடிச் சென்று நலம் விசாரியுங்கள். இயேசு கற்பித்த செபத்தை இருவரும் இணைந்து சொல்லுங்கள். அச்செபம் இருவருக்கும் பொதுவானது.