சம்மனசுகளைக் கண்ட சித்திரக்காரர்

ஓவியர் வில்லியம் பிளேக் 1757-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி லண்டன் மாநகரில், காலுறை வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு பிராயத்தில் ஒரு நாள், மரமொன்றின் கிளைகளில் சம்மனசுகள் ஒளிவீசக் கண்டதாக வீட்டில் வந்து சொன்னாராம். பொய் சொல்கிறான் என்று தகப்பனார் அடிக்கப் போக, தாயார் பரிந்து பேசிக் காப்பாற்றினாராம்.

பதினான்காம் வயதில் செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கும் தொழில் பயிலச் சேர்ந்தார். இங்கிலாந்து முழுவதும் கத்தோலிக்க நாடாயிருந்த காலத்தில் எழுந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலுக்குச் சென்று, அங்குள்ள கல்லறைச் சிற்பங்களை வரைந்து பழகினார்.

1782-ல் கத்தரீன் என்னும் பெண்ணை மணந்தார். திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் கீறலிட்ட அம்மாதுக்கு அவரே எழுத்துக் கற்பித்தார். பின்னர் படங்களை அச்சிடுவதிலும் வர்ணம் தீட்டுவதிலும் அவருக்கு வலக்கையாய் நின்றவர் அம்மனைவியே.

1809-ல், தாம் பிறந்த அதே வீட்டில் 16 படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார். வந்தவர் வெகு சிலரே. பத்திரிகையொன்று அவரைப் பித்தரென்று ஏசியது.

பிளேக் கத்தோலிக்கரல்லர், அவர் கொள்கைகளில் நாம் ஏற்கக் கூடாதவை பல. ஆயினும் வறுமையிலும் முதுமையிலும் அவர் செதுக்கிய யோபுவின் சரித்திரப் படங்கள் நம் சிந்தனைக்குரியவை. முதற் படத்தில் யோபுவின் குடும்பத்தார் புத்தகத்தைப் பார்த்துச் செபிக்கிறார்கள். இசைக் கருவிகளோ மரத்தில் தொங்குகின்றன. துன்பமெல்லாம் கடந்த கடைசிப் படத்தில், அதே கருவிகளைக் கையிலேந்தி எல்லாரும் இறைவனைப் பாடுகிறார்கள். உதட்டுச் செபம் துன்பத்தில் புடமிடப்பட்டு இருதயச் செபமாயிற்று.

கத்தோலிக்கக் கவிஞர் தாந்தேயின் காவியத்திற்குப் படம் வரைந்துகொண்டிருக்கையிலேயே, 1827 ஆகஸ்டு 12-ந் தேதி அவர் மரித்தார். அடையாளக் கல்லின்றி அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 2018-ல்தான் கல் நாட்டப்பட்டது. 2024-ல் கேம்பிரிட்ஜ் பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம், அவர் காலத்து ஜெர்மானிய ஓவியர்களான ரூங்கே, பிரீட்ரிக் முதலியோரின் படைப்புகளோடு அவர் படங்களையும் காட்சிக்கு வைத்தது. அக்கண்காட்சி பின்னர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கும் சென்றது.

அன்பர்களே, இறந்தபின் கல் நாட்டுவது எளிது. பாராட்டின்றி உழைக்கும் ஏழைகள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாசற்படியை மிதிப்போமாக.