பிரிட்டோரியாவில் தொழில் கற்ற சட்டத்தரணி

மகாத்மா காந்தியின் வாழ்வை எழுதுவோர் அவரது சட்டத்தொழிலை ஓரிரு வரிகளில் கடந்து செல்வதே வழக்கம். 1893ஆம் ஆண்டு பீற்றர்மரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நிறவெறியால் அவர் வெளியேற்றப்பட்ட சம்பவம் உலகறிந்தது. ஆயினும் அந்த ரயிலில் அவர் எதற்காகப் பயணம் செய்தார், போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன பணி செய்தார் என்பவற்றை அறிந்தோர் குறைவு. ஒரு வழக்குக்கு உதவும் இளம் சட்டத்தரணியாகவே அவர் பிரிட்டோரியா நகருக்குச் சென்றார். அந்த ஓராண்டுப் பயிற்சி அவரது பிற்கால வாழ்வை வகுத்தது எனலாம்.

காந்தி இலண்டனில் இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் பயின்று, 1891 ஜூன் 10ஆம் திகதி பாரிஸ்டராகி, இரண்டு நாட்களில் தாயகத்திற்குக் கப்பலேறினார். அக்காலத்தில் பாரிஸ்டராவதற்குக் குறிப்பிட்ட தவணைகளுக்கான விருந்துகளில் கலந்துகொள்வதும் பரீட்சைகளில் சித்தியடைவதும் போதுமானவையாக இருந்தன. ரோமன் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்த அந்த இளைஞருக்கு ஒரு வழக்கு மனுவை வரையத் தெரியாது. இந்துச் சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் அவர் அறியாதவை. சட்டம் படித்தாரேயன்றித் தொழில் படிக்கவில்லை.

அதன் விளைவு பம்பாயில் வெளிப்பட்டது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஒரு பெண்ணுக்காக, முப்பது ரூபா கட்டணத்திற்கு, தமது முதல் வழக்கில் அவர் தோன்றினார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கூறி, பெற்ற பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்றத்தை விட்டு வெளியேறினார். பின்னர் மாதம் எழுபத்தைந்து ரூபா சம்பளத்தில் ஒரு பாடசாலை ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தார். அவர் பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்ற காரணத்தால் அதுவும் கிடைக்கவில்லை. இராஜ்கோட்டுக்குத் திரும்பி, தமையனாரின் தொடர்புகள் மூலம் கிடைத்த மனுக்களை எழுதிக் கொடுத்து வாழ்க்கை நடத்தினார்.

இந்நிலையில்தான் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகரான தாதா அப்துல்லாவின் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. முதல் வகுப்புப் பயணச் செலவும் 105 பவுண் ஊதியமும் தருவதாகக் கூறப்பட்டது. தென்னாபிரிக்காவில் அவர்கள் தொடுத்திருந்த வழக்கின் பெறுமதி 40,000 பவுண். எதிராளியான தையெப் சேட் தாதா அப்துல்லாவின் உறவினரும் அதே ஊரவருமாவார்.

பிரிட்டோரியாவில் வழக்கைக் கையாண்டவர் பேக்கர் என்ற சட்டத்தரணி. மன்றில் வாதாடுவதற்குச் சிறந்த வழக்கறிஞர்கள் ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தமையால் காந்திக்கு அங்கே வாதாடும் வேலை இருக்கவில்லை. கட்சிக்காரரிடமிருந்து தகவல்களைப் பெற்றுத் தருவதும், குஜராத்தி மொழிக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், சட்டத்தரணிக்கு விபரங்களைத் தயாரித்துக் கொடுப்பதுமே அவருக்குரிய பணிகள். இன்று புதுக்கடை நீதிமன்றங்களில் சிரேஷ்ட சட்டத்தரணிகளின் பின்னால் கோவைகளைச் சுமந்து செல்லும் இளையோரின் நிலைக்கு இது பெரிதும் வேறுபட்டதன்று.

அந்தச் சிறிய பணியை அவர் சிறியதாகக் கருதவில்லை. வழக்கு முழுவதும் கணக்குகளையும் கடனுறுதிச் சீட்டுகளையும் சார்ந்திருந்தது. வரவு செலவு எழுதும் முறை தமக்குத் தெரியாது என்பதை உணர்ந்த காந்தி, கணக்கியல் நூலொன்றை வாங்கி முதலிலிருந்து கற்றார். இரு தரப்பு ஆவணங்களையும் ஒன்றுவிடாமல் படித்தார். வழக்கின் உண்மை விபரங்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சட்டம் தானாகவே துணைக்கு வரும் என்ற பாடத்தை அவர் கற்றது இங்கேதான். மன்றில் நாவெழாதிருந்தவரின் அச்சத்தைப் போக்கியது பேச்சுப் பயிற்சியன்று. வழக்கின் உள்ளும் புறமும் அறிந்திருந்த தெளிவே ஆகும்.

அந்தத் தெளிவு மற்றொன்றையும் காட்டியது. தமது கட்சிக்காரரின் பக்கம் பலமாக உள்ளது என்பது அவருக்குப் புலனாகியது. அதேவேளை, வழக்கு நீடித்தால் உறவினர்களான இருவருமே அழிந்துபோவர் என்பதும் தெரிந்தது. சட்டத்தரணிகளின் கட்டணம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. எனவே தையெப் சேட்டைச் சந்தித்து, நடுவர் ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்குமாறு வேண்டினார். இறுதியில் இரு தரப்பும் இணங்கின. தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாக அமைந்தது.

ஆனால் 37,000 பவுணையும் செலவுத் தொகையையும் ஒரே தடவையில் செலுத்துவது தோற்றவருக்கு இயலாத காரியம். வங்குரோத்து நிலையை மரணத்திலும் கொடியதாகக் கருதிய வணிக சமூகம் அது. வென்ற தமது கட்சிக்காரரிடம் பேசி, நீண்ட காலத் தவணைகளில் பணத்தைப் பெற்றுக்கொள்ள அவரை இசைய வைத்தார் காந்தி. நடுவரை ஏற்கச் செய்ததைவிட இதுவே கடினமாக இருந்தது. இரு தரப்பாரின் மதிப்பும் காப்பாற்றப்பட்டது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொழில் புரிந்த அவர், நூற்றுக்கணக்கான வழக்குகளை மன்றுக்கு வெளியே இணக்கமாகத் தீர்த்து வைத்தார்.

1894ஆம் ஆண்டு, நேட்டால் சட்டத்தரணிகள் சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி, அங்குள்ள உயர் நீதிமன்றம் அவரைத் தொழிலில் அனுமதித்தது. சில மாதங்களில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, எசமானின் தாக்குதலால் பற்கள் உடைந்து, இரத்தம் வழிய அவரிடம் வந்தார். எசமானைச் சிறைக்கு அனுப்புவதல்ல காந்தியின் நோக்கம்; பாலசுந்தரத்தை அவரிடமிருந்து மீட்டு வேறோர் எசமானிடம் மாற்றுவதே. அதை அவர் சாதித்தார். அதன்பின் தமிழ்த் தொழிலாளர்கள் அவரை நாடி வரத் தொடங்கினர்.

1922ஆம் ஆண்டு இராஜத்துரோகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து இன்னர் டெம்பிள் அவரது பெயரை நீக்கியது. 1988ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் சேர்க்கப்பட்டது. அதே 1988இல் எமது நாட்டில் இணக்க சபைகளுக்கான சட்டம் நிறைவேற்றப்பட்டமை தற்செயலான ஒற்றுமையே. எனினும் எல்லைவேலித் தகராறுக்காகவும் காணிப் பங்குக்காகவும் தந்தை தொடங்கிய வழக்கை மகன் தொடரும் குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன. வழக்கு முடியும்போது காணியின் பெறுமதியும் போய், உறவும் போய்விடுகிறது. தொழிலுக்குள் புதிதாக நுழையும் இளம் சட்டத்தரணிகள் மன்றில் வெல்லும் வித்தையைச் சிரேஷ்டர்களிடம் கற்பர். பகைத்து நிற்கும் இருவரை ஒரே மேசையில் அமர்த்தும் பொறுப்பும் தமது தொழிலைச் சேர்ந்ததே என்பதைப் பிரிட்டோரியாவில் கணக்கு நூலைப் புரட்டிய அந்த இளைஞரிடமிருந்து அவர்கள் கற்பார்களாயின், பயன்பெறுவது எமது சமூகமே.