வானளந்த வேந்தர்

கன்னியாகுமரியில் மேகமற்ற இரவில் வடதிசை நோக்கி நிற்பவர்க்குத் துருவ விண்மீனைக் காண்பது எளிதன்று. அது அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ எட்டுப் பாகை உயரத்திலேயே நிற்கும். பனங்கூட்டமோ மலைத்தொடரோ அதனை மறைத்துவிடும். நாகர்கோவிலைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல அவ்விண்மீன் சிறிது சிறிதாக உயரும். இராசஸ்தானத்து ஜெய்ப்பூரை அடையும்போது இருபத்தேழு பாகை உயரத்தில் விளங்கும். ஓர் ஊர் நிலநடுக்கோட்டிற்கு எத்தனை பாகை வடக்கே உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்கே துருவ விண்மீன் தோன்றும். இவ்வுண்மையைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மாளிகைபோற் கட்டி எழுப்பிய அரசர் ஒருவர் இருந்தார். அவரே சவாய் ஜெயசிங்கர்.

இவர் 1688-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் ஆமேரில் பிறந்தார். பதினொரு வயதிலேயே அரியணை ஏறும்படி நேர்ந்தது. சிறுவரின் அறிவுக் கூர்மையை வியந்து, முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் இவருக்குச் 'சவாய்' என்னும் பட்டம் அளித்தார் என்பர். ஒன்றேகால் என்பது அதன் பொருள். பிறர் ஒருவர் என்றால் இவர் ஒன்றேகால் என்பது கருத்து. ஆயினும் வாழ்க்கை பட்டம்போல் இனிதாக இருக்கவில்லை. 1707-இல் ஔரங்கசீப் இறந்தபின் எழுந்த அரசுரிமைப் போரில் ஜெயசிங்கர் தோற்ற பக்கத்தில் நின்றார். வென்ற பகதூர் ஷா ஆமேரையே பறித்துக்கொண்டார். மறு ஆண்டில் அண்டை இராசபுத்திர அரசர்களோடு கூடித் தம் நாட்டை மீட்டார் ஜெயசிங்கர். அதன்பின்னும் போர்க்களமும் அரசவைச் சூழ்ச்சியும் அவரை விட்டு நீங்கவில்லை. இவற்றிடையே வானநூலுக்கு அவர் எங்ஙனம் நேரங் கண்டார் என்பது வியப்பிற்குரியது.

அக்காலத்தில் பஞ்சாங்கம் கணிப்போர் பழைய அட்டவணைகளையே நம்பியிருந்தனர். வடமொழி நூல்கள் ஒரு நாழிகை கூறும். சமர்க்கந்தில் உலுக் பெக் ஆக்கிய அட்டவணை வேறொன்று கூறும். வானமோ இரண்டினின்றும் மாறுபடும். கணக்கிட்ட இடத்தில் கோள் காணப்படாது; குறித்த வேளையில் கிரகணம் பிடிக்காது. ஜெயசிங்கர் இக்குறையைப் பேரரசர் முகம்மது ஷாவிடம் எடுத்துரைத்து, புதிதாக வானை அளக்கும் பணியை மேற்கொண்டார். 1724-ஆம் ஆண்டளவில் தில்லியில் முதல் வானாய்வுக் கூடம் எழுந்தது. பின்னர் ஜெய்ப்பூர், உச்சயினி, காசி, மதுரா ஆகிய நகரங்களிலும் கூடங்கள் தோன்றின.

முதலில் அவர் பித்தளைக் கருவிகளையே செய்து பார்த்தார். அவை சிறியனவாதலின் நுண்ணிய அளவுகளைப் பொறிக்க இடமில்லை. அச்சுகள் தேய்ந்தன, மையங்கள் இடம் பெயர்ந்தன. ஆகவே, அசையாத கருவிகளைக் கல்லாலேயே கட்டுவது என அவர் துணிந்தார்.

ஜெய்ப்பூரிலுள்ள சாம்ராட் யந்திரம் அவற்றுள் மிகப் பெரியது. அதன் உயரம் ஏறத்தாழ 90 அடி. முக்கோணமாய் எழும் சுவரின் சாய்ந்த விளிம்பு துருவ விண்மீனை நோக்கி நிற்கும். இருமருங்கும் வில்போல் வளைந்த சலவைக்கல் தளங்களில் நேர அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன. காலையில் சுவரின் நிழல் மேற்குத் தளத்தில் விழுந்து கீழே இறங்கும். பிற்பகலில் கிழக்குத் தளத்தில் ஏறும். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் அந்நிழல் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். இதே கருவியை நாகர்கோவிலில் கட்டுவதாயின் அதன் வடிவமே மாறிவிடும். நூறடி நீளமுள்ள தளத்தின்மேல் ஜெய்ப்பூரில் ஐம்பதடிக்கு மேல் உயரவேண்டிய சுவர், இங்கே பதினான்கடி உயர்ந்தாலே போதும்.

கருவி பெரிதானால் அளவு நுட்பமாகும் என்பது ஜெயசிங்கரின் எண்ணம். அது முற்றிலும் சரியன்று. கதிரவன் ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆதலின் உயர்ந்த சுவரின் நிழலுக்குக் கூரிய விளிம்பு இராது. சில விரற்கடை அகலத்திற்கு மங்கியே தோன்றும். மெல்லிய நூலொன்றைத் தளத்தருகே பிடித்து, அதன் நிழலின் துணையால் உண்மை விளிம்பைக் காணும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

எனினும், ஜெயப்பிரகாச யந்திரத்தைக் கண்டவர் எவரும் அவருடைய கற்பனையைப் போற்றாமல் இரார். வானத்தைக் கவிழ்த்துத் தரையில் பதித்தாற்போல அரைக்கோள வடிவில் இரண்டு பெருங்கிண்ணங்கள் அமைந்துள்ளன. கிண்ணத்தின் விளிம்பே அடிவானம். குறுக்கே கட்டிய கம்பிகளின் நடுவில் ஒரு சிறு வளையம் தொங்கும். அதன் நிழல் எங்கே விழுகின்றதோ, அவ்விடமே வானில் கதிரவன் நிற்கும் இடத்தைக் காட்டும். சலவைக்கல் பட்டைகளுக்கு இடையே நடைவழிகள் உண்டு. இரவில் அவற்றுள் இறங்கி, பட்டையின் ஓரத்தில் கண் வைத்து, நடுவளையத்தின் வழியே விண்மீனை நோக்கலாம். ஒரு கிண்ணத்தில் வழியாக உள்ள பகுதி மற்றதில் பட்டையாக இருக்கும். ஆகவே, நேரம் செல்லச் செல்ல நோக்குவோர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவர். வானத்தின் மாதிரியினுள்ளேயே நடந்து திரியலாம் என்பது எத்துணை இன்பம்!

தாம் அறியாதது பிறரிடம் உண்டு என எண்ணும் பணிவு ஜெயசிங்கருக்கு இருந்தது. அவருடைய அவைப்புலவர் ஜகந்நாதர் யூக்ளிடின் வடிவ கணிதத்தையும் தாலமியின் வானநூலையும் அரபு மொழியிலிருந்து வடமொழியாக்கினார். 1727-இல் ஜெயசிங்கர் போர்ச்சுக்கல் நாட்டிற்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழு பிரெஞ்சு அறிஞர் லா ஹைர் ஆக்கிய அட்டவணைகளைக் கொணர்ந்தது. தம் கூடத்து அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டபோது, திங்களின் இடத்தில் அரைப் பாகை வேறுபாடு இருந்தது. முழுமதியின் அகலமே அவ்வளவுதான்.

ஆனால் அத்தூதர்கள் கொணராதது ஒன்று உண்டு. கதிரவனே நடுவில் நிற்க, பூமி உட்பட்ட கோள்கள் அதனைச் சுற்றுகின்றன எனக் கோப்பர்னிக்கஸ் 1543-லேயே எழுதியிருந்தார். கெப்ளரும் நியூட்டனும் அக்கொள்கையை நிலைநாட்டிவிட்டனர். அக்குழுவை வழிநடத்திச் சென்றவரோ கிறித்தவத் துறவி. பூமி சுழல்வதாகக் கூறும் நூல்கள் அவர்தம் திருச்சபையால் அந்நாளில் தடுக்கப்பட்டிருந்தன. தம் நாட்டில் செய்த தொலைநோக்கியால் வெள்ளியின் பிறைவடிவையும் வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் ஜெயசிங்கர் அறிந்திருந்தார். ஆயினும் கல் யந்திரங்களில் தொலைநோக்கி பொருத்தப்படவில்லை. அவர் கண்டவற்றின் முடிவுகள் பாரசீக மொழியில் முகம்மது ஷாவின் பெயரால் அட்டவணை நூலாயின.

ஜெய்ப்பூர் நகருக்கு 1727-இல் கால்கொண்டவரும் அவரே. அங்கே வானாய்வுக் கூடம் ஏறத்தாழ நிறைவுற்றது 1734-இல். அதே காலத்தில் நம் நாட்டுப் பகுதியில் மார்த்தாண்டவர்மர் ஆண்டுகொண்டிருந்தார். அவர் குளச்சலில் டச்சுக்காரரை வென்றது 1741-இல். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1743 செப்டம்பர் 21-ஆம் நாள் ஜெயசிங்கர் மறைந்தார்.

அவர் மைந்தரிடையே அரசுரிமைப் போர் மூண்டது. வானை நோக்குவோர் கலைந்தனர். மதுராவின் கூடம் முற்றும் அழிந்தது. ஜெய்ப்பூர்க் கருவிகள் 1901-ஆம் ஆண்டளவில் பழுது பார்க்கப்பட்டன. 2010-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஆண்டுதோறும் ஆஷாட மாத முழுமதியை ஒட்டி, சோதிடர் சிலர் சாம்ராட் யந்திரத்தின் உச்சியில் ஏறிக் கொடி பிடித்து, காற்று வீசும் திசையால் அவ்வாண்டின் மழையைக் கணித்துக் கூறுவது வழக்கம்.