மகரிஷி செய்த கைத்தடி

பகவான் ஸ்ரீ ரமண மகரிஷியின் படம் இல்லாத கடையைத் திருவண்ணாமலையில் தேடித்தான் பிடிக்கவேண்டும். பெரும்பாலும் முகம் மட்டும் உள்ள படமாக இருக்கும். சில படங்களில் அவர் கோவணத்தோடு நின்றுகொண்டிருப்பார். ஒரு கையில் கமண்டலம், மறு கையில் தடி. பார்ப்பவர்கள் அந்தக் கண்களோடு நின்றுவிடுகிறார்கள். தடி இருப்பதையே பலர் கவனிப்பதில்லை. கவனித்தாலும், வயதானவர், ஊன்றிக்கொள்ள ஒரு தடி வைத்திருக்கிறார், இதில் என்ன அதிசயம் என்று போய்விடுவார்கள்.

அந்த மகான் தம் கையாலேயே தடி செய்யத் தெரிந்தவர். முரட்டுக் கொம்பைச் சீவி, இழைத்து, மெருகேற்றி, கையில் பிடித்தால் உறுத்தாதபடி செய்துவிடுவார். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த ஒரு துறவிக்கு இத்தனை தொழில் நுணுக்கம் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை காண அவருடைய வாழ்க்கையைத்தான் புரட்டவேண்டும்.

தங்கக்கை

1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தகப்பனார் சுந்தரமையர் அவ்வூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். தாயார் அழகம்மாள். 1892-ல் தகப்பனார் இறந்ததும் பிள்ளைகள் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வேங்கடராமனுக்குப் படிப்பில் மனம் அவ்வளவாக ஓடவில்லை. பந்தாட்டம், குஸ்தி, நீச்சல் என்றால் முன்னால் நிற்பான். அவன் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அந்தக் கட்சிதான் ஜெயிக்கும். அதனால் சிநேகிதர்கள் அவனுக்குத் 'தங்கக்கை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

1896 ஜூலையில், பதினாறு வயதில், ஒரு நாள் திடீரென்று மரண பயம் அவனைப் பிடித்தது. தரையில் பிணம்போல நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாமல் நிற்பது எது என்று தனக்குள்ளேயே பார்த்தான். அந்தச் சில நிமிஷங்களோடு பழைய வேங்கடராமன் முடிந்துபோனான். ஆகஸ்ட் 29-ந் தேதி வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பாக்கி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான் என்பதை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். செப்டம்பர் 1-ந் தேதி அருணாசலேசுவரர் சந்நிதி. வெளியே வந்ததும் தலை மழிக்கப்பட்டது. கையில் எஞ்சியிருந்த காசை வீசி எறிந்தான். யாரோ அன்போடு கொடுத்திருந்த பட்சணப் பொட்டலம் ஐயன்குளத்துக்குள் போயிற்று. வேஷ்டியைக் கிழித்ததில் ஒரு கோவணம் மட்டும் மிஞ்சியது.

பிறகு ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் பாதாள லிங்கக் குகை. பூச்சிகள் தொடையை அரித்ததுகூடத் தெரியாமல் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. பின்னர் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற மடத்தில் இருந்தபோது தலைமுடி சடை பிடித்தது; கை நகங்கள் நீண்டு சுருண்டு வளைந்தன. எந்தப் பொருளையும் பிடிக்க முடியாத கைகள். மதுரையில் பந்தைப் பிடித்து ஜெயித்த தங்கக்கை இப்போது ஒரு கவளம் சோற்றைப் பிடிப்பதற்கும் லாயக்கில்லாமல் போயிற்று. உடம்பு இருந்தது, அதைப் பற்றிய நினைவு இல்லை.

இந்தக் கட்டத்தோடு கதை முடிந்திருந்தால், உலகத்தைக் கைவிட்ட எத்தனையோ பேரில் ஒருவர் என்று நாம் கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம்.

முள்ளே ஊசி

1899 முதல் 1916 வரை ரமணர் விரூபாக்ஷ குகையில் வசித்தார். இந்த வருஷங்களில்தான் அந்தக் கைகள் மறுபடியும் வேலைக்கு வந்தன. தேங்காய் தின்று எறிந்த கொட்டாங்கச்சியை எடுத்துத் தேய்ப்பார். நார் போய், மேடுபள்ளம் போய், கறுப்பு மினுமினுப்பு வரும்வரை விடமாட்டார். கொட்டாங்கச்சி கிண்ணமாகும், அகப்பையாகும். கோவணம் கிழிந்தால் தைக்க ஊசி நூல் வேண்டும் என்று யாரிடமும் வாய் திறக்கமாட்டார். காட்டு முள் ஒன்றை ஒடித்து, அதில் இன்னொரு சிறு முள்ளால் துளை போட்டு, கோவணத்திலிருந்தே ஒரு இழையை உருவிக் கோத்துத் தைத்துவிடுவார். கடையில் வாங்குவதற்கு ஒரு தம்படிகூட வேண்டாத தையல்!

1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவரைப் பகவான் ரமண மகரிஷி என்று உலகுக்கு அறிவித்தார். 1916-ல் தாயார் அழகம்மாள் மகனோடு வந்து தங்கினார். ஜாகை கந்தாசிரமத்துக்கு மாறிற்று. 1922 மே 19-ல் தாயார் மறைந்தார். அவருடைய சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் மலையடிவாரத்து ரமணாசிரமம். அங்கே விடியுமுன் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவர்களில் பகவானும் ஒருவர். அரைப்பார், இலை தைப்பார், கிழிந்த புஸ்தகத்துக்கு அட்டை கட்டுவார். அவர் கட்டிய புஸ்தகத்தில் ஓரம் கோணியிருக்காது.

ஆறு மணி நேரம்

இனி தடிக்கு வருவோம்.

வேலூர் ஊரிஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்தவர் ரங்காச்சாரி. அவர் ஒரு நாள் பகவானிடம் வந்து நிஷ்காம்ய கர்மத்தைப் பற்றிக் கேட்டார். பலனை விரும்பாமல் வேலை செய் என்று கீதை சொல்கிறது; அது எப்படிச் சாத்தியம் என்பது அவருடைய சந்தேகம். நம்மில் பலருக்கும் உள்ள சந்தேகந்தான். சம்பளமோ புகழோ புண்ணியமோ, ஏதாவது ஒன்று கிடைக்கும் என்றால்தானே கை அசைகிறது?

பகவான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எழுந்து மலைமேல் உலாவப் போனார். பண்டிதரும் இன்னும் சிலரும் கூடப் போனார்கள். வழியில் முள் நிறைந்த ஒரு கொம்பு கிடந்தது. பகவான் அதை எடுத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல் வேலையை ஆரம்பித்தார். முதலில் முட்களைச் சீவினார். பிறகு கணுக்களை ஒவ்வொன்றாகத் தட்டையாக்கி வழவழப்பாக்கினார். கடைசியில் சொரசொரப்பான இலை ஒன்றைக் கொண்டு தடி முழுவதையும் தேய்த்தார். எல்லாம் முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. தொட்டால் குத்தும் முட்கொம்பு இப்படி அழகான தடியாகிவிட்டதே என்று கூட இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

தடி செய்வதைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பார்ப்பதற்குச் சுலபமான வேலை. செய்து பார்த்தால் தெரியும். முள்ளைச் சீவினால் மட்டும் போதாது. அதன் அடிவேர் மரத்துக்குள் சிறு மேடாக நிற்கும். ஊன்றி நடக்கும்போது உள்ளங்கையைப் பதம் பார்ப்பது அதுதான். கணுவை அதிகம் சீவிவிட்டால் அந்த இடத்தில் தடி பலம் இழக்கும். குறைவாகச் சீவினால் கையில் இடிக்கும். பட்டை உரித்த இடத்தில் சிம்பு ஏறும். உப்புத்தாள் வராத காலத்தில் நம் தச்சர்கள் பிராய மரத்து இலையால்தான் மரத்தைத் தேய்த்து மெருகிட்டார்கள். அந்த இலை பூனையின் நாக்கைப்போலச் சொரசொரவென்றிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிடியின் பருமன். தடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் உள்ளங்கையில் போய் முட்டும். நழுவாமல் இருப்பதற்காகக் கை தன்னையறியாமல் இறுகும். அரை மைல் போவதற்குள் மணிக்கட்டு கடுக்கும். பருமனாக இருந்தால் விரல்கள் சுற்றி வராது, பிடிப்பே கிடைக்காது. வாதம் பிடித்த வயோதிகருக்குக் கொஞ்சம் தடித்த பிடி சுகம். சிறுவன் கைக்கு அது சுமை.

இந்தச் சூட்சுமத்தை மேனாட்டார் விளையாட்டில்கூட விடவில்லை. நம் உதகமண்டலத்து வெள்ளைக்காரர் கிளப்பில் 1882-ல் சட்டதிட்டம் வகுக்கப்பட்ட ஸ்னூக்கர் ஆட்டத்தையும், அதன் உறவினர்களான பில்லியர்ட்ஸ், பூல் ஆட்டங்களையும் ஆடுகிறவர்களில் பலர், தங்கள் கைக்கென்றே கோல் கடைந்து வாங்குகிறார்கள். அடிப்பகுதியின் பருமன் சுமார் 3 செண்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ கைக்கு வேறு கோலாகிவிடும் என்று வாதாடுவார்கள். பிடிக்கு லினன் நூல் சுற்றவேண்டும் என்பார் ஒருவர், தோல் வேண்டும் என்பார் மற்றொருவர், வெறும் மரந்தான் கைக்கு நேர்மை என்பார் மூன்றாமவர். கேலி செய்யவேண்டிய விஷயமல்ல. அளவெடுத்த கோல் கையில் இருப்பதே தெரியாது; அதுதான் அதன் லட்சணம். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே கோல் கடைகிறவருக்கு அது யார் கைக்குப் போகிறது என்று தெரியும். விலையும் பேசி முடிந்திருக்கும்.

மலைமேல் உட்கார்ந்து ஆறு மணி நேரம் தேய்த்தவருக்கு விலை பேசியவரும் இல்லை, அளவு கொடுத்தவரும் இல்லை. வேலை முடிந்து எல்லாரும் நடக்கத் தொடங்கியபோது ஓர் இடைப்பையன் எதிரே வந்தான். ஆடு மேய்க்கிற தடியைத் தொலைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். பகவான் கையிலிருந்த புதுத் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார். பண்டிதருக்குத் தம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தடியைக் கொடுத்துவிட்ட இடத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆறு மணி நேரந்தான் பெரிதாகத் தோன்றுகிறது. யாருக்கோ கொடுத்துவிடப்போகிற தடிதானே என்று ஒரு கணுவை அரைகுறையாக விட்டிருக்கலாம். விடவில்லை. பலனில் ஆசை இல்லாதவர் வேலையில் அசிரத்தையாகத்தான் இருப்பார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது எவ்வளவு தப்பு! கொட்டாங்கச்சியையும் கோவணத்துத் தையலையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அடித்த தடியும் காத்த தடியும்

1924 ஜூன் 26-ந் தேதி இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அப்போது ஆசிரமம் என்பது வெறும் கொட்டகை. ஜன்னலை உடைத்தார்கள், மிரட்டினார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பகவான் சொல்லிவிட்டார். அப்படியும் அவருடைய இடது தொடையில் தடியால் ஓங்கி அடித்தார்கள். திருப்தி இல்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார் அவர். கூட இருந்த சீடர் ஒருவர் ஆத்திரம் தாங்காமல் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். பகவான் தடுத்தார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லையா பிடுங்கி எறிகிறோம் என்பது அவர் கேட்ட நியாயம். அத்தனை பாடுபட்டும் திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பந்தான்.

தடியை எடுத்து அவர் வேகமாக வீசிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு நாய் அணிலைத் துரத்தியது. பகவான் தம் கைத்தடியை இரண்டுக்கும் நடுவே விட்டார். நாய் திகைத்து நின்றது, அணில் ஓடிப்போயிற்று. தடியின் ஆதரவு போன பகவான் சறுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார்.

வயது ஏற ஏற முழங்கால்களை வாதம் பிடித்தது. கிரிப்பிரதட்சிணம் போவது 1926-ஓடு நின்றது. மலைமேலும் பக்கத்துப் பாலாக்கொத்துப் பக்கமும் உலாவுவதை மட்டும் விடவில்லை. கமண்டலமும் தடியும் கையில் இருக்க, முன்னே சற்றுச் சாய்ந்தபடி அவர் நடந்து வரும் படங்கள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்களெல்லாம் அந்த நடையைப் பார்க்க வழியோரம் காத்து நின்றார்கள்.

1949 தொடக்கத்தில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று தோன்றியது. பிப்ரவரி 9-ல் அறுத்து எடுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. மார்ச்சில் ஒரு சிகிச்சை, ஆகஸ்டில் ஒரு சிகிச்சை, டிசம்பர் 19-ல் நான்காவது. சார்கோமா என்ற கொடிய புற்று அது. கையையே எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. உடம்பே ஒரு நோய், அதற்கு இயல்பான முடிவு வரட்டும் என்பதுபோலப் பதில் சொன்னார். பக்தர்கள் அழுதார்கள். சித்தர், ஆயுர்வேதர், ஹோமியோபதிக்காரர் எல்லாரும் வந்தார்கள். யார் கொடுத்த மருந்தையும் அவர் மறுக்கவில்லை. கொடுப்பவர் மனம் நோகக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. தரிசனத்துக்கு வந்தவர்களை மட்டும் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசி நாள் வரை ஜனங்கள் வரிசையாக அந்தச் சிறிய அறையின் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மூச்சு நின்றது. வெளியே பக்தர்கள் அவர் இயற்றிய அக்ஷரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் போனதைப் பலர் கண்டார்கள். அப்போது ஆசிரமத்துக்கு வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோனும் கண்டார். மறுநாள் மாலை, தாயாரின் சமாதிக்கும் பழைய ஹாலுக்கும் நடுவே அவரை அடக்கம் செய்தார்கள். கமண்டலத்தையும் தடியையும் ஆசிரமத்தார் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.